சீலம்

இரைச்சல் பாலத்தில் வைத்துத்தான்
சத்தத்தை நிறுத்திக்கொண்டது வண்டி.
பின்னால் நாற்பத்தாறு பெட்டி பன்னீர் திராட்சை.
குமுளி இன்னும் மேலே.
பானட்டைத் தூக்கினால்
இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி.
கேரளா பஸ்காரர் ஒருவர்
ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனார்.
அதுதான் அவமானமாக இருந்தது.

அபுதாகிர் ஆயில் மூடியைக் கழற்றி
துளைமேல் உள்ளங்கையை வைத்தான்.
உள்ளேயிருந்து யாரோ ஊதினார்கள்.
'ரிங்கும் போச்சு, போரும் போச்சு மாமா.
பிரிச்சா அறுபதாயிரம்.
பிரிச்ச பெறகு அது என்ன கேக்குமோ, அது தனி.'

செவனம்மா காலண்டர் தாளின் முதுகில் எழுதினாள்.
மாசியில் கிளட்ச்.
வைகாசியில் ரேடியேட்டர், ஆடியில் மறுபடி ரேடியேட்டர்.
நடைக்கு ஒரு லிட்டர் ஆயில்.
கார்த்திகையில் எஃப்சி.
'கட்டிக்கொடுத்த மகளுக்குக்கூட
இம்புட்டுச் சீர் செய்யல நாம.'
எண்பதுக்குக் கேட்கிறார்கள், தள்ளிவிடலாம் என்றாள்.
அதற்குக் கீழே
புது வண்டி, முன்பணம், தவணை என்று ஒரு வரி எழுதி
அடிக்கவும் இல்லை, வட்டம் போடவும் இல்லை.

நான் வண்டிக்கடியில் படுத்து
சேசிஸைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தேன்.
கோயில் மணி என்று சொல்ல மாட்டேன்.
ஓட்டைப் பானையும் இல்லை.

ஆனக்கரையில் ஒரு என்ஜின் இருந்தது.
அவுசேப்பு வண்டியோடது.
ஏலத்தோட்டத்துக்குள் மூன்று உருளல்.
கேபின் அப்பளம், என்ஜினில் கீறல் இல்லை.
ஒரு மழை நாளில் மெட்டு வளைவில்
என்னைக் கயிறு கட்டி இழுத்த வண்டி அது.
அந்தக் கயிறு இன்னும் என் சீட்டுக்கடியில் கிடக்கிறது.

முற்றத்தில் செங்கல் அடுக்கி அதை உட்கார வைத்திருந்தார்கள்.
பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், மாவுக்கட்டோடு அவர்.
டீசலைத் தண்ணீர் பாட்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டு
என் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தோம்.
இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்தது.
அபுதாகிர் என்னைப் பார்த்தான்.
'சீக்கல்ல கேட்டோ,' என்றார் அவுசேப்பு,
'சீலமா.'

சீலம் என்றால் அவர்களுக்குப் பழக்கம்.
நமக்கு ஒழுக்கம்.
செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒரே சொல், வேறு லோடு.

அது ஓடிக்கொண்டிருந்தவரை
அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை.
பலாமரத்தைப் பார்த்திருந்தார்.
போதும் என்று கையை மட்டும் காட்டினார்.
எழுபது என்றார்.
அறுபத்தஞ்சு என்று அபுதாகிர் வாயெடுக்க
நான் அவன் முழங்கையை இடித்தேன்.
ஏன் இடித்தேன் என்று அவனும் கேட்கவில்லை.

மெட்டு இறக்கத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டி.
கீழே கம்பம் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தது.
செவனம்மா போன் பண்ணினாள்.
'குடுத்துட்டேன்.'
'எம்புட்டு?'
'ரெண்டாயிரம்.'
'அப்ப இன்னும் முடிவாகல.'

ராத்திரி ஆர்சி புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.
என்ஜின் நம்பர் மாறும்.
சேசிஸ் நம்பர் அப்படியே இருக்கும்.
இதில் எந்த நம்பரோடு
நான் பதினாறு வருஷமாகப் பேசிக்கொண்டு வந்தேன்,
தனியாக, ஏற்றத்தில்,
'வாடா, இன்னும் ஒரு வளைவுதான்' என்று?

விடிகாலை நாலு மணி. சாவியைப் போட்டேன்.
எட்டு மாதமாக ஆள் தள்ளி எழுந்த வண்டி
முதல் திருகலிலேயே பிடித்தது.
ஒரு இருமல் இல்லை.
பெட்டி ஏற்றுகிற பையன் எட்டிப் பார்த்து
'என்னண்ணே, மாத்தியாச்சா?' என்றான்.

பதில் சொல்லாமல்
மூன்று கேனையும் எடுத்துக்கொண்டு
குழாயடிக்குப் போனேன்.