இருநூறு சொற்களுக்கு மிகாமல்

நன்றிக் கடிதத்துக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு மாதிரி உண்டு.
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.
தொகையைக் குறிப்பிட வேண்டாம்.
கனவு என்ற சொல் ஒருமுறையாவது வரட்டும்.
பிழை திருத்தி, மடித்து, கொடையாளருக்கு அனுப்புவது
வாரத்தில் மூன்று நாள் என் வேலை.

கோல்பி வூலெட், மின்கம்பப் பணிப் பிரிவு, முதலாம் ஆண்டு,
பென்சிலில் எழுதியிருந்தான்:

முந்நூறு டாலரும் புத்தகத்துக்குப் போகவில்லை.
மன்னிக்கவும்.
காரில் ஆல்டர்னேட்டர் செத்துவிட்டது.
பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது, நானே மாட்டினேன்.
மிச்சம் வாடகைக்கு.
திங்கள் காலை குளிர் மைனஸ் இருபத்தேழு.
வண்டி கிளம்பியது.
அன்றுதான் முதன்முறையாகக் கம்பத்தின் உச்சிவரை ஏறினேன்.
அங்கிருந்து பார்த்தால் மூடிக்கிடக்கும் காகித ஆலை முழுசாகத் தெரிகிறது.
புத்தகம் நூலகத்தில் இருக்கிறது,
இரண்டு மணி நேரத்துக்குத் தருகிறார்கள்.

கனவு எங்குமே இல்லை.

விதிப்படி அவனைக் கூப்பிட்டுத் திரும்ப எழுத வைத்திருக்க வேண்டும்.
தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
எங்கள் படிவமோ
மாட்டையே வாயைத் திறந்து காட்டச் சொல்கிறது.

அந்த முந்நூறு வந்த வழி எனக்குத் தெரியும்.
ஐரீன் தீபொடோ, பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம்.
ஹாக்கி ஆட்டம் கலைந்த அரங்கில்,
ஏரிக்கரைப் படகுத்துறையில், சாலையோரப் பள்ளத்தில்
காலி டப்பாக்களைப் பொறுக்குகிறார்.
மேய்னில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் ஐந்து சென்ட்.
முந்நூறு டாலர் என்றால் ஆறாயிரம் டப்பா,
ஆறாயிரம் முறை குனிதல்.
என் முதுகு நூறு வரை எண்ணிப் பார்த்து
நிறுத்திக்கொண்டது.

நுழைவுக் கூடத்தில் பித்தளைப் பலகை ஒன்று மின்னுகிறது.
ஐயாயிரத்துக்குக் கீழே பெயர் பொறிப்பதில்லை.

கடிதத்தை அப்படியே அனுப்பினேன்,
இரண்டு எழுத்துப்பிழைகளோடு.

ஒன்பது நாள் பதில் இல்லை.
ஒரு கொடையாளரைத் தொலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்,
அதை இயக்குநரிடம் எப்படிச் சொல்வதென்று
வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் பனிக்காலணியோடு உள்ளே வந்தார்.
தரையெல்லாம் உப்பும் சேறும்.
மேசைமேல் வைத்தார்
சிவப்பும் கறுப்புமாய்ச் சுருண்ட ஜம்பர் கேபிள் ஒன்றை.
“பேட்டரியும் பழசாகத்தான் இருக்கும்.
பையனைக் கேட்டீர்களா?”
கேட்கவில்லை.
உட்காருங்கள், அவனை வரச் சொல்கிறேன் என்றேன்.
“வெளியே என் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.
அணைத்தால் மறுபடி கிளம்பாது.”

அவர் போன பிறகுதான் உறைத்தது
அது யாருடைய கேபிள் என்று.

கோட்டு மாட்டும் இடத்தில் ஓர் ஆணி அடித்தேன்.
கோல்பிக்கு இரண்டு முறை.
செவிலியர் பிரிவுப் பெண் ஒருத்திக்கு, இரவுப்பணி முடிந்து
நேரே தேர்வுக்கு வந்தவள்.
கணக்கு வாத்தியாருக்கும்கூட, தலைகுனிந்து.
ஒருவன் ஒரு வாரம் திருப்பித் தரவில்லை;
வந்தபோது உடைந்திருந்த பிடி
வெல்டிங் கூடத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

தணிக்கையாளர் வந்து, இது எந்தத் தலைப்பில் என்றார்.
தேடினோம் இருவரும், சிறிது நேரம்.

இன்று ஆணி காலி.
யார் எடுத்தார்கள் என்று நான் எழுதிவைப்பதில்லை.
ஜன்னலுக்கு வெளியே, விழும் பனியில்,
மூடியைத் திறந்துகொண்டு
மூக்கோடு மூக்கு வைத்து நிற்கின்றன இரண்டு கார்கள்.