மழைத்தண்ணீர் விழும் பக்கம்

நகராண்மைக் கழகத்தின் மூன்றாம் கவுண்டரில்
பிளானை விரித்தபோது
என் சமையலறை உள்ளங்கை அகலம்.
"பின்னால கால்வாய்க்கு ஆறடி விடணும், அக்கா."
சிவப்பு மையில் ஒரு கோடு.
குளிர்பெட்டி வெளியே போய்விட்டது.

வரைந்தவருக்கு ஆயிரத்து எண்ணூறு வெள்ளி,
வைப்புத்தொகை ஐந்நூறு,
கொந்திராக்டர் லிம் சொன்னது இருபத்திரண்டாயிரம்
(டைல்ஸ் தனி).
கையுறைத் தொழிற்சாலை ஓவர்டைம்,
கூட்டு எடுத்த காசு,
முகிலனின் லோரி அட்வான்ஸ்.
மூன்று முறை தட்டியும்
கால்குலேட்டர் மனம் மாறவில்லை.

பாக்கி, பக்கத்து வீட்டுக் கையெழுத்து.

மூன்று வருடத்துக்கு முன்
காக் ரொக்கியா இதே தாளோடு
என் கேட்டில் நின்றாள்.
உங்கள் கூரைத் தண்ணீர்
என் துணிக்கொடியில் விழும் என்றேன்.
பேனாவைத் தொடவில்லை.
அந்த அறையை அவள் கட்டவேயில்லை.
பகாவ் வெயிலில் அடுக்கிய செங்கல்லில்
பாசி படர்ந்ததை
தினமும் பார்த்துக்கொண்டே துணி காயப்போட்டேன்.

இப்போது நான் அவள் கேட்டில்.
கண்ணாடி தேடி எடுத்து
ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.
அவள் பூனை என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டது.
"மழைத்தண்ணீர் எந்தப் பக்கம்?"
"என் பக்கம்."
"அதையும் எழுது."
எழுதினேன்.
போட்டாள்.
பேனாவைத் திருப்பித் தராமல்
லிம்மின் நம்பர் கேட்டாள்.

ராத்திரி கணக்கில் ஒரு வரி ஏறியது:
தகரத் தூம்பு, நானூற்று எண்பது.
கொஞ்சம் யோசித்து
அதை இரண்டால் பெருக்கினேன்.
டைல்ஸ் கிடக்கட்டும்,
சிமெண்டுத் தரையிலும் சோறு வேகும்.