இருபதாம் வளைவு

திங்கள் சாயங்கால பஸ்ஸில் வருகிறது
ஷார்ஜாவில் மச்சான் வாங்கிய போன்.
பெட்டி பிரிக்காதது.
சிம்மை நேற்றே நறுக்கி வைத்துவிட்டேன்,
சுண்டுவிரல் நகத்தளவுக்கு.

ஐந்து ரோட்டுக் கடை ஜாபர்தான்
மாடல் எண்ணைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்.
"அந்த ஊர் போனுக்கு அந்த ஊர்ப் பூட்டு இருக்கும்.
பூட்டு இல்லேன்னாலும்
உங்க மலை டவர் பேசுற பேண்டு
அதுக்குக் காதுல விழணுமே."

எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரே டவர்.
பனி இறங்கினால் அதுவும் போர்த்திப் படுத்துவிடும்.
காப்பி மூட்டைக்கு எடை எழுதுகிறவன் நான்;
ராத்திரியெல்லாம் வேறு எண்கள்:
மூன்று, ஐந்து, எட்டு, நாற்பது.
எதில் பேசுகிறது அது?
டவர் காவலர் மாதையனிடம் கேட்டேன்.
"டீசல் எத்தனை லிட்டர்னு கேளு, சொல்றேன்."

நறுக்கிய சிம் பழைய போனில் நிற்கவில்லை.
சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியும் பார்த்தாயிற்று.
மூன்று நாளாய் யாருக்கும் நான் இல்லை.

பஸ் எங்கே வருகிறதென்று
யாரைக் கேட்க?
சில்வர் ஓக் அடியில் நின்று
கீழே திருப்பங்களில் அடிக்கும் ஹாரனை
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
பதினாறு.
பதினேழு.
அது லாரியாகவும் இருக்கலாம்.