சேவல் இல்லாத காடு

வண்டியைப் பூட்டும்போதே எல்மர் கங்காஸ் கேட்டார்:
"லைட்டர், தீப்பெட்டி, யாரிடமாவது?"
ஐந்து பேரும் கையை விரித்தோம்.
என் இடது பூட்ஸுக்குள்
கணுக்கால் எலும்பை உரசிக்கொண்டு
ஒரு சிவப்பு லைட்டர்.
சிகரெட்டை விட்டுப் பதினோரு மாதம்.
லைட்டரை விடவில்லை.

சபையின் ஏற்பாடு இதுதான்:
சுப்பீரியர் ஏரிக்கரைக் காட்டில் இரண்டு இரவு.
கோடாரி, கத்தி, தார்ப்பாய், ஒரு கெட்டில்.
ஞாயிறு விடியுமுன் ஏற்றும் புதுத்தீ
மரத்தின் வயிற்றிலிருந்தே பிறக்க வேண்டும்.
"கல்லறைக்குள் யார் தீப்பெட்டி வைத்தார்கள்?"
என்பார் எல்மர்.
வார நாட்களில் அவருக்கு
குளிர்பதனப் பெட்டிகளைச் சரிசெய்யும் வேலை.

ஏப்ரல். நிழல்களில் முழங்கால் பனி.
வெள்ளி மதியத்திலிருந்து ஓயாத மழை.
பால்சம் கிளைகளை அடுக்கிப் படுக்கை போட்டோம்.
அடியில் ஈரம், மேலே ஈரம்,
நடுவில் ஆளுக்கொரு ஜெபம்.
காய்ந்த ரொட்டியைப் பிட்டுக்கொண்டே
எல்மர் மறுபடி கேட்டார், விளையாட்டாக.
விளையாட்டாகவே இல்லை என்றேன்.

சனி அந்தியில் போதகர் ஹெடின்
ஓடைப் பனிக்கட்டி உடைந்து
இடுப்புவரை உள்ளே போனார்.
இழுத்துப் போட்டபோது சிரித்தார்.
பற்கள் தந்தி அடித்தன.

தீக்கடைகோலைப் பூட்டினார் எல்மர்.
செடார் பலகை, மேப்பிள் வில், மான்தோல் கயிறு.
வில் போனது வந்தது, போனது வந்தது.
புகை வந்தது.
கரித்தூள் வந்தது, அதுவும் நனைந்தது.
உள்ளங்கைத் தோல் உரிந்தது.
பத்தரை மணிக்குக் கயிறு அறுந்தது.

ஜனெல் என் பக்கம் திரும்பினாள்:
"ஐலி, உன் கோட்டில் இன்னும் புகையிலை வாசம்.
உன்னிடம் இல்லையா?"
இல்லை என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே.

அந்தக் காட்டில் சேவல் கிடையாது.
எங்கோ விழுந்த மரத்தின்மேல் நின்று
ஒரு காட்டுக்கோழி
இறக்கையால் காற்றை அடித்தது.
கிளப்பாத டிராக்டர்போல்
டுப், டுப், டுப்,
பிறகு எண்ண முடியாத வேகத்தில்.

அப்போது கவனித்தேன்.
போதகர் நடுங்குவதை நிறுத்தியிருந்தார்.
"இப்போது கதகதப்பாக இருக்கிறது" என்றார்.
குளிரில் செத்தவர்களைப் பார்த்த ஊர் எங்களுடையது.
அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும்.

பூட்ஸைக் கழற்றினேன்.
முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் இழுத்தேன்.
ஐந்து முகங்களுக்கு நடுவே
சிவப்பாக, சின்னதாக, மலிவாக
என் பொய்.

சக்கரத்தைச் சுண்டினேன்.
காஸ் இல்லை.
இரண்டு நாளாக நான் காத்தது
ஒரு வெறும் கூடு.
வெறும் பொறி பறந்து பறந்து செத்தது.

எல்மர் ஒன்றும் பேசவில்லை.
சட்டைக்குள், நெஞ்சோடு வைத்திருந்த
பிர்ச் மரத்துக் கரும்பூஞ்சைத் துண்டை எடுத்து
என் கைக்குக் கீழே நீட்டினார்.
ரத்தம் கசிந்த அந்தக் கை ஆடவில்லை.
ஏழாவதோ எட்டாவதோ சுண்டலில்
ஒரு பொறி உட்கார்ந்தது.
மிளகளவு ஆரஞ்சு.

அவர் ஊதினார். நான் ஊதினேன்.
களிமண்ணில் ஒருவர் ஊதியதும்
இப்படி முட்டிபோட்டு,
மூக்கு ஒழுகத்தானோ என்னவோ.
பிர்ச் பட்டை சுருண்டு, கறுத்து,
பிடித்தது.

போதகரின் துணிகளை உருவி
நடுவில் வைத்துக்கொண்டோம்.
ஒரு மணிக்கு அவர் மறுபடி நடுங்க ஆரம்பித்தார்.
அல்லேலூயா என்றாள் ஜனெல், அந்த நடுக்கத்துக்கு.

அது மரத்தில் பிறந்த தீயா என்று
யாரும் விசாரிக்கவில்லை.
மெழுகுத்திரியை அதிலேதான் ஏற்றினோம்.

விடியும்போது நான் தூங்கிப்போயிருந்தேன்.
எழுந்தால் கரைப்பக்கம் புகை.
எல்மர் ஓடை முகத்தில் அள்ளிய விரல்நீள மீன்களை
கரிநெருப்பில் கிடத்தியிருந்தார்.

"ஐலி, மீன் வேண்டுமா?"
வேண்டும் என்றேன்.
கொடுத்தார். தின்றேன்.
"ஐலி, மீன் வேண்டுமா?"
வேண்டும்.
முள்ளோடு மென்றேன்.
மூன்றாம் முறையும் கேட்டார்.
எனக்குக் கோபமாக வந்தது, அழுகையாகவும்.
"வேண்டும் என்று உனக்குத் தெரியாதா, எல்மர்?"

"தெரியும்" என்றார்.
"அப்படியே போதகருக்கும் நாலு எடுத்துக்கொண்டு போ."