முதலில் எழுப்ப வேண்டிய வீடு

மாடிக்குப் பதினெட்டாயிரம் என்று
நான்தான் வாய்கூசாமல் சொன்னேன்.
அவள் பேரம் பேசவில்லை.
பேர் ஜோஸ்லீன். ஊர் மான்ட்ரியல்.
எங்கள் தெருவிலேயே மூன்று ஜோஸ்லின் உண்டு,
அதனால் இவள் ‘மாடி ஜோஸ்லீன்’ ஆனாள்.

அதற்குமுன் அங்கே வியாகுலப்பிச்சை இருந்தான்,
பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், மூவாயிரத்து ஐநூறு.
பெயிண்ட் அடிக்கணும் என்று காலிசெய்யச் சொன்னேன்.
பெயிண்டும் அடித்தேன்.
அந்த மட்டில் பொய்யில்லை.

உடம்பு கடியப்பட்டணத்தில், வேலை கனடாவில்.
முட்டத்து லைட்ஹவுசுக்கு அடுத்தபடி
ராத்திரி ரெண்டரை வரை அணையாத விளக்கு
என் வீட்டு மாடியில்தான்.

வந்த மூன்றாம் வாரம்
துணிக்கொடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்:
“இந்த ஊருக்கு நான் என்ன செய்யட்டும்?”
உபதேசியார் இங்கிலீஷ் வகுப்பு என்றார்.
முதல் நாள் பதினொரு பிள்ளைகள்,
வாலிபால் போட்டி தொடங்கியதும் ஒருத்தருமில்லை.
கிளப் பையன்கள் ஜெர்சி கேட்டார்கள்.
கடப்புறத்தில் குனிந்து குனிந்து பொறுக்கிய பிளாஸ்டிக்கை
அடுத்த வாவுக்குக் கடல்
எண்ணிப் பார்த்ததுபோல் திருப்பிக் கொடுத்தது.

கிளிட்டஸ்தான் சொன்னான்,
போன் உப்புத்தண்ணியில் விழுந்த மறுநாள்:
“நீ உறங்காமத்தானே இருக்கிய மக்களே,
ரெண்டரைக்கு என்னை ஒண்ணு எழுப்பு.”

ஒரு பேர் ஒன்பதானது.
நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள்.
கிளிட்டஸுக்குக் கதவைத் தட்டினால் போதும்.
சூசை நாயகத்துக்கு ஷீட்டில் கல் எறியணும்.
மரிய லாசருக்குக் காது மந்தம்,
ஜன்னல் கம்பி வழியே கையைவிட்டுக்
கால் பெருவிரலைத் தொடணும்.
முதல் வாரம் நாய்கள் துரத்தின.
பிறகு கூடவே நடந்தன, சம்பளம் வாங்குவதுபோல.

பத்தாவது பேர் வியாகுலப்பிச்சை.
இப்போது அவன் ஆற்றுப் பாலத்துக்கு அங்கே,
தகரக் கூரை.
வள்ளத்துக்கு வர இருபது நிமிடம் நடக்கணும்,
ஆகையால் அவனை மட்டும் ரெண்டேகாலுக்கே எழுப்பணும்.
போகிற வழிக்கும் நேரம் வேணுமே.
தினமும் அரைமணி நேரம்
கம்பெனியில் கெஞ்சி வாங்கினாளாம்.

ஒரு விடியலில் இரண்டு பொதி சாளையோடு படியேறினாள்.
“ஒன்று மாடிக்கு, ஒன்று கீழே அக்காவுக்கு.
காசு நீட்டினேன், வாங்கவில்லை.”
அப்புறம், செருப்பைக் கழற்றிக்கொண்டே,
“வள்ளம் இங்கே கிடக்கிறது,
அவர் வீடு ஏன் அவ்வளவு தூரத்தில்?”

நான் கருவாட்டைத் திருப்பிப்போடப் போனேன்.
காய்ந்த பக்கத்தையே திரும்பவும் திருப்பினேன்.
அவள் சற்று நேரம் நின்றாள்.
கேள்வியைப் படியிலேயே வைத்துவிட்டு உறங்கப் போனாள்.

அன்று சாளை செதிள்
சோப்புப் போட்டும் கையைவிட்டுப் போகவில்லை.

நவம்பரில் விசா முடிகிறது.
நேற்று யாரோ ஒருத்தன் போன் செய்தான்,
பெங்களூரா பெர்லினா, சரியாகக் கேட்கவில்லை,
மாடிக்கு இருபது தருகிறேன் என்றான்.

நோட்டு மேசைமேல் திறந்து கிடக்கிறது.
முதல் வரியில் அவன் பேர்,
அதற்கெதிரே அவள் படித்த தமிழில்
‘தூறம்’ என்று எழுதி
அடியில் இரண்டு கோடு.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை,
இரண்டு பேருக்கும்.