சொல்வதெழுதல்

சனிக்கிழமைகளில் எங்களுக்கு இரவலாய்க் கிடைக்கும் வகுப்பறை
பீல் நகரில், ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம்.
சப்பாத்தை வாசலிலேயே கழற்ற வேண்டும்.
கரும்பலகையின் இடது பாதியைத் தொடக்கூடாது:
திங்கட்கிழமைப் பிள்ளைகளின் பின்னக் கணக்குகள் அங்கே.
வலது பாதியில் தமிழ்.
பன்னிரண்டு மணிக்கு அதையும் துடைத்துக்
கதிரைகளை மேசைமேல் கவிழ்க்காவிட்டால்
கட்டடம் பார்க்கும் ரியூஃப்லி
கதவில் ஒரு குறிப்பு ஒட்டிவிடுவார், மணியான கையெழுத்தில்.

மற்ற ஐந்து நாளும் நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்.
சூடு ஆறாத வெள்ளை விரிப்புகள்
என் எழுத்தைவிட நேராய் மடிந்து போகும்.
வெள்ளி இரவு, இருபத்து மூன்று கொப்பிகள்.
சிவப்புப் பேனாவோடு தூங்கி
மேசைத்துணியில் மை ஊறியதுதான் மிச்சம்.
ஐந்தாம் வகுப்பு எடுக்கும் மதுரன் சொன்னான்:
படம் பிடித்துக் குடுங்கோ அக்கா, அது பார்க்கும்.

அது என்றால் அதுதான்,
செயற்கை நுண்ணறிவு என்று பேப்பரில் போடுகிறார்களே.

முதல் கிழமையே
ஆருசன் எழுதிய 'வாறன்' பிழை என்றது.
பிழையில்லைத் தம்பி, அவன் வீட்டுப் பேச்சு அது.
பேச்சுக்கு ஒரு பெட்டி, எழுத்துக்கு ஒரு பெட்டி போடு
என்று தட்டினேன்.
மன்னிப்புக் கேட்டுப் பெட்டி போட்டது.
என் மேலதிகாரி ஒருநாளும் கேட்டதில்லை.

நாலாம் வெள்ளி ஒரு அட்டவணை வந்தது.
பார்த்து எழுதியதில் ழகரம் எல்லோருக்கும் சரி.
நான் சொல்லி எழுதியதில்
மளை. கிளமை. வாளைப்பளம்.
இருபத்து மூன்று பேருக்கும். கெட்டிக்காரிக்கும்,
ஜன்னலோரம் மூடுபனி பார்த்திருப்பவனுக்கும்.
கீழே ஒரு குறிப்பு, மிகுந்த மரியாதையோடு:
எல்லோரும் ஒன்றுபோல் தவறுவதால்
காரணம் பிள்ளைகளிடம் இல்லாமலிருக்கலாம்.
சொல்லும் குரலை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமா?

கைபேசியை வாய்க்கு முன் பிடித்துச் சொன்னேன்: மழை.
திருப்பிக் கேட்டேன்.
மளை.
ஏழு, கீழே, வாழ்வு, அழாதே.
ஒன்றும் தப்பவில்லை.
நாற்பத்தாறு வயதில் என் வாயை இப்போதுதான் கேட்கிறேன்.
ஒன்பது வருடமாகத் தமிள் என்று சொல்லித்
தமிழ் படிப்பித்திருக்கிறேன்;
காது கேட்டதை அப்படியே எழுதிய கைகளுக்குச்
சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன்.

கோபம் வந்தது, யாரில் என்றுதான் தெரியவில்லை.
எங்கள் பக்கம் எல்லோருக்கும் ழகரம் அப்படித்தான்
என்று இரவு ஒரு மணிக்கு அதோடு வாதாடினேன்.
சரிதான், பேச்சில் அது பிழையல்ல,
பெட்டி போடச் சொன்னதே நீங்கள்தானே என்றது.
பிறகு கேட்டது:
சொல்வதெழுதலை எந்தப் பெட்டியில் போட?

பதில் தட்டாமல் மூடிவிட்டேன்.

கிழமை முழுக்க, இயந்திரங்களின் இரைச்சலுக்குள்
நாக்கை உள்ளே மடித்து மடித்துப் பழகினேன்.
பக்கத்தில் தலையணையுறை அடுக்கிய மிலேனா
பல்வலியா என்று கேட்டாள்.

சனி. வாசலில் ஈரச் சப்பாத்துகள்.
பழைய கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தேன்,
ழகரத்துக்குப் பறித்த புள்ளிகளை எல்லாம்
பச்சை மையில் திரும்பப் போட்டு.
ஏன் ரீச்சர் என்றார்கள். பிழை என்னுடையது என்றேன்.
நம்பவில்லை; ஆனால் புள்ளியை எண்ணிக்கொண்டார்கள்.

பிறகு வரவு கூப்பிட்டேன்.
ஆருசன். வந்திருக்கிறன்.
சாருகா. வந்திருக்கிறன்.
யாழிசை.

சத்தமில்லை.

யாழிசை.

மூன்றாம் வாங்கில் பென்சில் சீவிக்கொண்டிருந்தவள்
புதுப் பிள்ளை யார் என்று
மற்றவர்களோடு சேர்ந்து
தானும் திரும்பிப் பார்த்தாள்.