பில் எண் நாற்பத்தேழு

வெள்ளிக்கிழமை மதியம். கரண்ட் இல்லை.
பதினொரு மிஷின்களும் வாய் மூடி நிற்க
போனில் மட்டும் சின்ன வெளிச்சம்:
முப்பத்தெட்டாயிரத்து நானூறு வரவு.

வியாழன் ராத்திரி நான் கேட்டதும்
ஏறக்குறைய அதே தொகை.
பனியன் துணி மூட்டைகளுக்கு நடுவே முழங்கால் போட்டு
சனிக்கிழமைச் சம்பளத்தை
ரூபாய்க் கணக்காகவே கேட்டிருந்தேன்.
அவருக்குத் தெரியாதது இல்லை.
தொகை சொல்லிக் கேட்பது என் பழக்கம்.

"கர்த்தர் பாத்துக்கிட்டாரு" என்றார் என் வீட்டுக்காரர்
கட்டிங் டேபிளை விட்டு நிமிராமல்.
அவர் பெயர் ஆசீர்வாதம். வேறென்ன சொல்வார்.

நோட்டைப் புரட்டினேன்.
பில் எண் நாற்பத்தேழு.
குழந்தைகள் டீ-ஷர்ட், மூவாயிரத்து இருநூறு பீஸ்,
பீஸுக்குப் பன்னிரண்டு.
செவ்வாய்க்கிழமையே வந்து
நூல்கடைக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்ச்சேர்ந்த பணம்.
போன பணம் வழி தெரிந்து
திரும்பவும் வந்திருக்கிறது.

அந்தக் கம்பெனி எனக்கு வைத்திருக்கும் பாக்கி
இன்னும் இரண்டு லட்சம்.
தொண்ணூறு நாள் என்பார்கள், நூற்றிருபது ஆகும்.
நம்ம காசில் கொஞ்சம் முன்னாடியே வந்ததாக
வைத்துக்கொள்ளேன் என்றது மனசு.
மனசு கெட்டிக்கார வக்கீல்,
பீஸ் ரேட்டுக்கு வாதாடும்.

கணக்குப் பிரிவில் போனை எடுத்தவள் சுகந்தாமணி,
வேலைக்கு வந்து இரண்டு மாதம்.
விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் மூச்சே இல்லை.
"அக்கா, மேனேஜருக்குத் தெரிஞ்சா
என் சம்பளத்துல புடிச்சுருவாங்க.
இன்னைக்கே திருப்பிப் போட்டுருவீங்களா?"

இன்றைக்கே.
ஆறு இலக்க ஓடிபியை
இரண்டு முறை தப்பாக அடித்தேன்.
மூன்றாம் முறை போய்விட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி.
பாதிச் சம்பளம்தான், மீதி புதன்கிழமை என்றேன்.
காரணத்தையும் சொன்னேன்,
கொஞ்சம் பெருமையாக.
அங்கேதான் தையல் விட்டுப்போயிற்று.

ஓவர்லாக் மரகதாத்தாள்
கவருக்குள் இருந்ததை எண்ணி முடித்தாள்.
"உங்க நேர்மைக்கு
எங்க வயிறு ஜாமீனுங்களா?"
கோபம் இல்லை. நூல் பிசிறை வெட்டுகிற குரல்.

பீரோவில் தசமபாகக் கவர் இருந்தது,
ஆறாயிரத்து எண்ணூறு.
மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் தொடாத கவர்.
எடுத்தேன்.
"அது அவரோடது" என்றார் ஆசீர்வாதம்.
"கூலியும் அவரோடதுதான்.
பொழுது சாயறதுக்குள்ள கொடுக்க வேண்டியது."
பதில் சொல்லாமல் அவரே ஸ்கூட்டரை எடுத்தார்.
என் வளையல் இரண்டும்
ஊத்துக்குளி ரோட்டு அடகுக்கடைக்குப் போயின,
வட்டி ஒன்றரை.
எட்டரை மணிக்கு எல்லோர் கையிலும் முழுச் சம்பளம்.
மரகதாத்தாள் எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.
நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை வந்தது.
நோட்டு விழுந்தால் சத்தம் வராது.
அன்றைக்கு என் காணிக்கை
பக்கத்து வரிசைக்கும் கேட்டது.

ஜெபத்தில் கடன் என்ற சொல் வரும் இடத்தை
எப்போதும் கொஞ்சம் வேகமாகக் கடப்பேன்.
அன்று நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.
காஜா அடிக்கும் குப்பண்ணன்
முன்பணமாக வாங்கிப்போன ஒன்பதாயிரம்.
இரண்டு வருடமாய் என்னைக் கண்டால்
டீக்கடைக்குள் நுழைந்துவிடுகிற மனிதர்,
டீயே குடிக்காதவர்.
கம்பெனி எனக்குச் செய்வதைத்தான்
அவர் எனக்குச் செய்கிறாரா,
இல்லை, கம்பெனி எனக்குச் செய்வதை
நான் அவருக்குச் செய்கிறேனா?
சபை ஆமென் சொல்லி உட்கார்ந்துவிட்டது.
நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நோட்டைத் திறந்து
குப்பண்ணன் பெயருக்கு நேராக
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
பென்சில் என்பதால் அழிக்கலாம்.
கேள்வியை அழிப்பதா, கடனை அழிப்பதா,
இன்னும் தெரியவில்லை.

கம்பெனியிலிருந்து ஒன்றும் வரவில்லை.
நூற்றெட்டாம் நாள்.
கரண்ட் வந்து
மிஷின்கள் ஒவ்வொன்றாய்ப் பேச ஆரம்பிக்கின்றன.
நாற்பத்தெட்டாம் பில்லை எழுத வேண்டும்.